அடிப்படை வங்கிக் கணக்கு பெறும் உரிமை

குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டிய கட்டாயமின்றி, கட்டணமில்லாமல் ஒரு சேமிப்புக் கணக்கைத் தொடங்கி நடத்த நுகர்வோருக்குள்ள வாய்ப்பே இந்த உரிமை. இந்தியாவில் இதன் அலுவல்பெயர் ‘அடிப்படைச் சேமிப்பு வைப்புக் கணக்கு’. மக்கள் வழக்கில் ஜீரோ பேலன்ஸ் கணக்கு. உரிமை என்ற சொல் இங்கே சற்றுத் தாராளமாகவே ஆளப்படுகிறது. பிரான்ஸ் 1984ஆம் ஆண்டு வங்கிச் சட்டத்திலேயே இதை எழுதிவைத்தது. ஒரு வங்கி கணக்கு மறுத்தால், அந்நாட்டு மத்திய வங்கி இன்னொரு வங்கியைக் காட்டித் தந்தாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2014இல் தன் உறுப்பு நாடுகள் அனைத்துக்கும் இதைப் பொதுவாக்கியது. இந்தியாவில் அப்படி நாடாளுமன்றச் சட்டம் எதுவும் இல்லை. ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கைகள் வங்கிகளுக்கு விதித்த கடமையாகத்தான் இது வளர்ந்திருக்கிறது.

இந்த வளர்ச்சியைத் தமிழ்நாட்டின் ஒரு வட்டாரத்தில் வைத்துப் பார்க்கலாம். விருதுநகர், சிவகாசி வட்டாரத்துக்கு வங்கித்தொழில் புதிதன்று. மகமை என்னும் பொதுநிதி வழியே பணத்தைத் திரட்டி ஆளும் பழக்கம் இங்குள்ள நாடார் உறவின்முறைகளிடம் வேரூன்றியிருந்தது. 1921இல் தூத்துக்குடியில் தோன்றிய நாடார் வங்கி, 1962இல் தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி எனப் பெயர் மாறியது. ஆனால் இவையெல்லாம் வணிகரின் தேவைக்கானவை. கூலித் தொழிலாளிக்கு வங்கியின் வாசல் 1969 ஜூலை 19இல் 14 வங்கிகள் நாட்டுடைமையான பிறகே மெல்லத் திறந்தது. 1975இன் அவசரச் சட்டம் வட்டார ஊரக வங்கிகளுக்கு வழிவகுத்தது. அவ்வழியில் 1977இல் பிறந்த பாண்டியன் கிராம வங்கி பிற்காலத்தில் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்டு இயங்கி, 2019 ஏப்ரல் 1இல் பல்லவன் கிராம வங்கியுடன் இணைந்து தமிழ்நாடு கிராம வங்கியானது.

கிளை வந்தும் கணக்கு வரவில்லை. அர்ச்சுனா ஆற்று அணையை ஒட்டிய ஆனைக்குட்டம் போன்ற ஊரில் இதற்கான காரணங்கள் எளிமையானவை. கணக்கு தொடங்க, ஏற்கெனவே கணக்கு வைத்திருப்பவர் ஒருவர் அறிமுகக் கையெழுத்துப் போட வேண்டியிருந்தது. குறைந்தபட்ச இருப்பு வைக்க வேண்டியிருந்தது. முகவரிச் சான்றும் வேண்டியிருந்தது. பட்டாசு ஆலையை ‘ஆபீஸ்’ என்றே சொல்லும் இப்பகுதியில் பெரும்பாலும் செய்த எண்ணிக்கைக்குக் கூலி. அது வாரக் கடைசியில் ரொக்கமாகக் கைக்கு வரும். வங்கி திறந்திருக்கும் நேரமும் ஆபீஸ் நடக்கும் நேரமும் ஒன்றே என்பதால், பாஸ்புக்கில் ஒரு வரி பதியப் போனாலும் அன்றைய கூலி குறையும். அதற்கு வாரவட்டிக்காரர் மேல். வீட்டு வாசலுக்கே வந்துவிடுவார்.

திருப்பம் 2005இல் வந்தது. அந்த ஆண்டு நவம்பரில், இருப்பே இல்லாமலோ மிகக் குறைந்த இருப்பிலோ எளிய கணக்குகளைத் தரும்படி ரிசர்வ் வங்கி எல்லா வங்கிகளையும் கேட்டுக்கொண்டது. புதுச்சேரியின் மங்கலம் கிராமத்தில் இந்தியன் வங்கி வீடுதோறும் கணக்கு தொடங்க, எல்லாக் குடும்பங்களுக்கும் வங்கி வசதி பெற்ற நாட்டின் முதல் ஊர் என்று அது பெயர் பெற்றது. 2006 ஜனவரியில் கிளைக்கு வெளியே முகவர்களைக் கொண்டு பணம் வாங்கவும் கொடுக்கவும் அனுமதி கிடைத்தது. 2008இல் நூறு நாள் வேலைத் திட்டம் எல்லா ஊரக மாவட்டங்களுக்கும் விரிந்தது. அதன் கூலி வங்கி, அஞ்சலகக் கணக்குகளுக்குச் செல்லத் தொடங்கியபோதுதான் ஊர்ப்பெண்கள் பலருக்குச் சொந்தப் பெயரில் பாஸ்புக் அவசியமாயிற்று. சான்றுகள் இல்லாதோருக்கெனச் ‘சிறு கணக்கு’ 2010இல் வந்தது. வங்கி அலுவலர் முன்னிலையில் புகைப்படத்தில் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தால் போதும்; ஆனால் இருப்பு 50,000 ரூபாயையும் மாதப் பற்று 10,000 ரூபாயையும் தாண்டக்கூடாது.

2012 ஆகஸ்டில் இன்றைய வடிவம் உருவானது. இருப்பு நிபந்தனை முற்றிலும் நீங்கியது. ஏடிஎம் கார்டு இலவசம். மாதம் நான்கு முறை கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம். வாரச் சம்பளக் குடும்பத்துக்கு, ஐந்து சனிக்கிழமை வரும் மாதத்தில் இந்த எண்ணிக்கையில் ஒன்று இடிக்கும். 2014 ஆகஸ்ட் 28இல் தொடங்கிய ஜன் தன் திட்டம் இதே கணக்கை நாடு முழுக்க முகாம் போட்டுத் திறந்தது; 2023 ஆகஸ்டுக்குள் எண்ணிக்கை 50 கோடியைக் கடந்தது. 2018இல் விருதுநகர் மாவட்டம் முன்னேற விழையும் மாவட்டங்களின் பட்டியலில் சேர்ந்ததும், மக்கள்தொகைக்கு எத்தனை ஜன் தன் கணக்கு என்பது மாவட்ட நிர்வாகத்தின் மதிப்பெண்களில் ஒன்றாகிவிட்டது.

எண்ணிக்கைக்கும் பயனுக்கும் உள்ள இடைவெளி 2023 செப்டம்பரில் தெரிந்தது. தமிழ்நாடு அரசின் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையின் முதல் 1,000 ரூபாய் வந்ததும், குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில வங்கிகள் அதிலிருந்து அபராதம் பிடித்தன. அப்போது திருச்சுழி தொகுதியின் சட்டமன்ற உறுப்பினராகவும் மாநில நிதியமைச்சராகவும் இருந்த தங்கம் தென்னரசு அப்படிப் பிடிக்கக்கூடாது என்று வங்கிகளை எச்சரித்தார். அடிப்படைக் கணக்கில் இத்தகைய அபராதம் போடவே முடியாது. அபராதம் பிடிக்கப்பட்டவை சாதாரணச் சேமிப்புக் கணக்குகள். அவற்றை அடிப்படைக் கணக்காக மாற்றித் தரும்படி எழுதிக் கேட்கலாம் என்பது பலருக்குத் தெரியாது. அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கோ, வேறு வங்கியில் இன்னோர் அடிப்படைக் கணக்கோ வைத்திருக்கக்கூடாது என்பதே அதற்கான நிபந்தனை. தகுந்த காரணமின்றிக் கணக்கு மறுப்பதை 2006ஆம் ஆண்டு வங்கிக் குறைதீர்ப்பாளர் திட்டம் புகாருக்குரிய குறையாக வரிசைப்படுத்தியது. சட்டத்தில் இல்லாத உரிமைக்கு இந்திய ஏற்பாட்டில் மிக அருகில் வந்தது அந்த வரிதான். 2021 நவம்பர் 12 முதல் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளர் திட்டங்கள் எல்லாம் ஒன்றாக்கப்பட்டன.

ஜன் தன் கணக்கோடு வரும் ரூபே கார்டில் விபத்துக் காப்பீடும் உண்டு: தொடக்கத்தில் 1 லட்சம், 2018 ஆகஸ்ட் 28க்குப் பின் தொடங்கிய கணக்குகளுக்கு 2 லட்சம் ரூபாய். வெடிமருந்தோடு வேலை செய்யும் வட்டாரத்தில் இதன் அருமையைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் விபத்துக்கு முந்தைய 90 நாளுக்குள் கார்டை ஒரு முறையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும். கார்டு பெட்டிக்குள் மடித்த உறையிலேயே கிடந்தால் தொகை கிடையாது. கார்டை விட்டுவிட்டு, முகவரின் கையடக்கக் கருவியில் விரல் வைத்துப் பணம் எடுப்போர் ஏராளம். கைவேலையால் ரேகை தேய்ந்தவர்களுக்கு அந்தக் கருவி இரண்டு மூன்று முறை மறுத்த பிறகே வழிவிடும்.