கோணங்களை ஒப்பிடும் தேர்வு: ஒரு வரலாறு

கோண ஒப்பீட்டு வினா என்பது நான்கு கோணங்களைத் தந்து, பாகைமானி இல்லாமல், கண்ணால் மட்டும் பார்த்துச் சிறியதிலிருந்து பெரியதாக வரிசைப்படுத்தச் சொல்லும் தேர்வு வினா ஆகும். அமெரிக்கப் பல் மருத்துவ நுழைவுத் தேர்வின் காட்சித்திறன் பகுதியில் இது இடம்பெறுகிறது. அப்பகுதியில் ஆறு வகை வினாக்கள் உள்ளன. வகைக்கு 15 வீதம் மொத்தம் 90 வினாக்களுக்கு 60 நிமிடம் தரப்படுகிறது. ஒரு வினாவுக்குச் சராசரியாக 40 வினாடிதான் கிடைக்கும்.

இந்தியாவில் பல் மருத்துவம் சேர எழுதும் நீட் தேர்வில் இயற்பியல், வேதியியல், உயிரியல் மட்டுமே உண்டு. இத்தகைய வினா இல்லை. கட்டடக்கலைப் படிப்புக்காக 2006 முதல் நடைபெறும் நாட்டா தேர்வு காட்சித்திறனைச் சோதிக்கிறது. எனவே நம் மாணவர்களில் ஒரு பகுதியினருக்கு இந்த வகைச் சோதனை முற்றிலும் புதிதன்று.

சுண்ணக்கட்டிக் காலம்

அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் 1950இல் நுழைவுத் தேர்வை நாடு முழுவதற்கும் கொண்டுவந்தபோது, கைத்திறனை அறிய ஒரு சுண்ணக்கட்டியைக் கொடுத்தது. தரப்பட்ட வரைபடத்தின்படி விளிம்பும் மூலையும் பிசகாமல் அதைக் கத்தியால் செதுக்க வேண்டும். செதுக்கிய ஆயிரக்கணக்கான துண்டுகளை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து மதிப்பிடுவது எளிய வேலையாக இருந்திருக்க முடியாது. 1972இல் செதுக்குதல் கைவிடப்பட்டு, தாளில் விடையளிக்கும் காட்சித்திறன் தேர்வு அந்த இடத்துக்கு வந்தது. கையைச் சோதித்த தேர்வு அன்றிலிருந்து கண்ணைச் சோதிக்கிறது. பல்லுக்கு உறை பொருத்தும் மருத்துவர் பல்லின் பக்கச் சுவர்களைச் சில பாகை சரிவாகத் தேய்க்க வேண்டியிருக்கிறது. சரிவு கூடினால் உறை பிடிப்பின்றிக் கழன்றுவிடும். கோண வினாவுக்குத் தொழில் சார்ந்த காரணம் உண்டு என்பதற்கு இது போதும்.

துணியில் தெரிந்த மயக்கம்

கண் கோணத்தைத் தவறாக மதிப்பிடுகிறது என்ற செய்தி தேர்வுகளைவிட மூத்தது. 1860இல் ஜெர்மானிய வானியலாளர் ஸோல்னர் ஒரு துணியின் வடிவமைப்பில் விந்தை ஒன்றைக் கண்டார். இணையான நீண்ட கோடுகளின் மேல் குறுக்கே சாய்ந்த சிறு கோடுகளை இட்டால், நீண்ட கோடுகள் இணையாகத் தெரிவதில்லை. குறுங்கோணத்தைக் கண் சற்றுப் பெரிதாகவும் விரிகோணத்தைச் சற்றுச் சிறிதாகவும் எடுத்துக்கொள்வதே இதற்குக் காரணம் என்ற விளக்கம் அந்த நூற்றாண்டிலேயே முன்வைக்கப்பட்டது.

இந்த ஆராய்ச்சியில் தமிழ்நாட்டுக்கும் ஓர் இடம் உண்டு. கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1901-02இல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே தங்கினார். அவர் எழுதிய ‘தோடர்கள்’ (1906) என்ற மானுடவியல் நூலைப் பலர் அறிவர். அதற்கு முந்தைய ஆண்டு வெளியான, தோடர்களின் புலன்கள் பற்றிய அவரது கட்டுரை அந்த அளவுக்குப் பேசப்படவில்லை. அம்புமுனைகள் கோட்டின் நீளத்தை மாற்றிக் காட்டும் முல்லர்-லையர் மயக்கத்தில் தோடர்கள் ஆங்கிலேயரைவிடக் குறைவாகவே ஏமாந்தனர். செங்குத்துக் கோடு கிடைக்கோட்டைவிட நீளமாகத் தோன்றும் மயக்கத்திலோ அதிகம் ஏமாந்தனர். ஆகவே காட்சி மயக்கத்தின் அளவு எல்லா மக்களுக்கும் ஒன்றல்ல. ஒரே வினாத்தாளை உலகெங்கும் கொடுப்பவர்கள் நினைவில் வைக்க வேண்டிய முடிவு இது.

தறியின் கோணம்

காஞ்சிபுரத்தை அடுத்த ஏனாத்தூரில் 1993இல் நிகர்நிலைப் பல்கலைக்கழகம் தொடங்கப்பட்டது. இன்று அவ்வூர் பெயரைக் கேட்டால் பலருக்குக் கல்லூரிதான் நினைவுக்கு வரும். பக்கத்து நகரமோ பட்டுத் தறிகளின் ஊர். காஞ்சிப் பட்டின் கரையில் வரும் கோபுர முக்கோணமும் தாழம்பூ ரேக்கும் முழுக்கக் கோணங்களால் ஆனவை. தறியில் கோணம் பாகையில் அளக்கப்படுவதில்லை. இழை எண்ணிக்கைதான் அதை உண்டாக்குகிறது. கட்டத்தாளில் ஒரு கட்டம் பக்கவாட்டிலும் இரண்டு கட்டம் மேலும் போனால் சாய்வு சுமார் 63 பாகை. இரண்டுக்கு மூன்று போனால் சுமார் 56 பாகை. இந்த ஏழு பாகை வேறுபாடு கரையில் பளிச்சென்று தெரியும். பாவு, ஊடை இழைகளின் நெருக்கம் ஒன்றாக இல்லாவிட்டால் தாளில் போட்ட கோணம் துணியில் மாறிவிடும். ஆகையால் கட்டத்தின் நீள அகலத்தையே அதற்கேற்பத் திருத்த வேண்டும். பாகையை எண்ணாமலே கோணத்தைச் சரியாகக் கொண்டுவரும் இந்த முறையைக் கணித வகுப்பில் காட்டினால் என்ன என்று தோன்றுகிறது.

பயிற்சியால் கூடுமா?

கூடும். இடஞ்சார் திறன் பயிற்சி பற்றிய 217 ஆய்வுகளைத் தொகுத்து 2013இல் வெளியான ஆய்வு, எல்லா வயதினரிடமும் இத்திறன் பயிற்சியால் மேம்படுகிறது என்று காட்டியது. பயிற்சி எடுப்பவர் முதலில் விட வேண்டியது கைகளின் நீளத்தைப் பார்க்கும் பழக்கம். நீண்ட கைகள் கொண்ட கோணம் பெரிதாகத் தோன்றும், ஆனால் உண்மையில் சிறியதாக இருக்கலாம். முனைக்கு மிக அருகே உள்ள திறப்பை மட்டும் பார்ப்பது நல்லது. கண் கிடையான, செங்குத்தான கோடுகளில் கூர்மையாகவும் சாய்ந்த கோடுகளில் மந்தமாகவும் இருப்பதால், சாய்ந்து கிடக்கும் கோணத்தின் ஒரு கையை மனத்தில் தரையில் கிடத்திப் பார்க்கலாம். செங்கோணத்தை ஒட்டிய கோணங்களைச் செங்கோணத்தோடு ஒப்பிடுவது எளிது. நான்கையும் ஒருசேர வரிசைப்படுத்த முயல வேண்டாம். மிகச் சிறியதையோ மிகப் பெரியதையோ உறுதி செய்தால் தரப்பட்ட விடைகளில் சில தாமாகவே விலகும். பிறகு ஓர் இணையை ஒப்பிட்டாலே போதும். திரையில் விரலையோ பென்சிலையோ வைத்து அளக்கப் பழகியவர்கள் தேர்வுக்கூடத்தில் தடுமாறுவார்கள், அங்கே அதற்கு அனுமதி இல்லை.

பயிற்சியால் கூடும் என்பதிலேயே ஒரு சிக்கலும் இருக்கிறது. திறனை அளப்பதாகச் சொல்லும் தேர்வு, பயிற்சிக்குப் பணமும் நேரமும் உள்ளவரைத்தான் அளக்கிறதா? தமிழ்நாட்டில் இக்கேள்வி பழையது. தொழிற்கல்விக்கு 1984 முதல் நடந்த மாநில நுழைவுத் தேர்வு, கிராமப்புற மாணவருக்குப் பாதகம் என்ற காரணத்தால் 2006ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் நீக்கப்பட்டது. நீட் பற்றிய இன்றைய வழக்காடலிலும் மையமாக இருப்பது அதே வாதம். அமெரிக்கத் தேர்வின் கோண வினாவுக்கோ பாடப்புத்தகம் என்று ஒன்று கிடையாது. மாதிரி வினாக்களைப் பலமுறை பார்த்தவருக்கும் முதல்முறை பார்ப்பவருக்கும் உள்ள இடைவெளி அதில் இன்னும் கூடுதலாகவே இருக்கும்.