நற்காலம் மீண்டதாம்: ரோமச் சில்லறையில் ஒரு வாசிப்பு

பேரரசர்களைப் பொற்காசில் வாசிப்பதுதான் நம் பாடப்புத்தக வழக்கம். எனக்கென்னவோ சில்லறைதான் கூடுதலாகப் பேசுவதாகப் படுகிறது.

கி.பி. 294 வாக்கில் டயோக்ளீஷியன் வெளியிட்ட வெண்கலக் காசு சுமார் 10 கிராம். மேலே மெல்லிய வெள்ளிப் பூச்சு. பின்பக்கம் 'ரோம மக்களின்' காவல்தெய்வம். ஐம்பது ஆண்டுக்குள் அது 2 கிராம்கூடத் தேறாத துண்டாகிப்போச்சு. மக்களையும் காணோம். அந்த இடத்தில் இரண்டு சிப்பாய்கள், நடுவே கொடி, 'படையின் புகழ்' என்ற வாசகம். யாருக்குச் சம்பளம் கொடுப்பதற்காக இந்த அரசு இயங்கியது என்பதை அதுவே சொல்லிவிடுகிறது.

348இல் கொஞ்சம் கனமான புதுக்காசு வந்தது. வாசகம்: 'நற்காலம் மீண்டது'. அந்த வரிசையில் அதிகம் அடிக்கப்பட்ட படம் எது தெரியுமா? குதிரையிலிருந்து சரிந்து விழுகிற எதிரி. அவனை ஈட்டியால் குத்துகிற ரோமச் சிப்பாய். அதிகாரத்தின் அகராதியில் நற்காலம் என்றால் இதுதான். மறுவருஷமே ஒரு சட்டம்: காசை உருக்கி வெள்ளியைப் பிரிக்கிறவனுக்கு மரண தண்டனை. பத்தாண்டுக்குள் புதுக்காசும் பாதியாய்ச் சுருங்கியது.

தங்கம் மட்டும் அசையவில்லை. கான்ஸ்டன்டைன் கொண்டுவந்த சொலிடஸ், ரோம ராத்தலுக்கு 72 என்ற கணக்கில் நூற்றாண்டுகள் நின்றது. எகிப்தியப் பாப்பிரஸ் கணக்குகளில் அதன் விலை 324 வாக்கில் சில ஆயிரம் டெனாரியஸ். அந்த நூற்றாண்டு முடிவதற்குள் கோடிகள். சரி, தங்கம் பணக்காரன் பாடு என்று விட்டுவிடலாமா? முடியாது. கடைக்காரர், கைவினைஞர், பாலியல் தொழிலாளி எல்லாரும் சில ஆண்டுகளுக்கொருமுறை வரி கட்ட வேண்டும், அதுவும் தங்கத்திலோ வெள்ளியிலோ. வாங்குவது செம்பு, கட்டுவது தங்கம். சுரண்டல் நடந்தது இந்த இடைவெளியில்தான். பெற்றவர்கள் பிள்ளைகளை விற்றார்கள் என்று ஸோசிமஸ் எழுதுகிறார். கான்ஸ்டன்டைன் மேல் அவருக்கு ஆத்திரம் உண்டு. மிகையைக் கழித்துக்கொள்ளலாம், முழுக்கத் தள்ள முடியவில்லை. 498இல்தான் அனஸ்தாசியஸ் அந்த வரியை ஒழித்தார்.

இன்னொரு பக்கமும் உண்டு. 353க்குப் பிறகு பிரிட்டனில் சில்லறைத் தட்டுப்பாடு. ஜனங்கள் தாங்களே காசு அடிச்சுக்கிட்டாங்க. அரசு இதைக் கள்ளக்காசு என்றது. காசு அனுப்பாத அரசு. அதே விழும் குதிரைவீரன், ஆனால் நாலு கோடாக. சில காசுகள் நகத்தளவுகூட இல்லை. 'நற்காலம் மீண்டது' என்ற வாசகம் வெறும் கீறல்களாய்ச் சிதைந்து கிடக்கிறது. சந்தை அதையும் வாங்கிக்கொண்டது.