மாஊனும் பழவேற்காடும்

குர்ஆனின் 107ஆம் அத்தியாயமாகிய 'அல்மாஊன்' ஏழே வசனங்கள் கொண்டது. தீர்ப்பைப் பொய்யாக்குகிறவன் யாரென வினவி, அநாதையை விரட்டுகிறவனையும் ஏழைக்கு உணவளிக்கத் தூண்டாதவனையும் சுட்டிக்காட்டும் அது, நான்காம் வசனத்தில் தொழுகையாளர்மேலேயே திரும்புகிறது. தொழுகையைப் பொருட்படுத்தாமல், பிறர் காணத் தொழுது, 'மாஊனை' மறுக்கிறவர்களை அது கண்டிக்கிறது. ஆமோஸையும் ஏசாயா 58ஆம் அதிகாரத்தையும் போதித்துப் பழகிய நமக்கு இக்குரல் அந்நியமன்று.

முன்பகுதி மக்காவில் அருளப்பட்டது, பின்பகுதி மதீனாவின் மாயக்காரரைப் பற்றியது என்ற விரிவுரையாளரும் உளர். ஆயினும் நான்காம் வசனம் 'ஆகவே' எனப் பொருள்படும் இடைச்சொல்லோடு தொடங்குவதால், இரண்டும் ஒரே நோயின் குறிகள் எனக் கொள்வதே பொருத்தமாகத் தோன்றுகிறது. இங்கே கண்டிக்கப்படுவது தொழுகையினிடையே மனம் சிதறுவதன்று என, அரபு உருபைக் காட்டி முற்கால உரையாளர் சிலர் ஆறுதலடைந்தனர். ஜெபவேளையில் சிந்தை அலையும் போதகர்களாகிய நமக்கும் அவ்வாறுதலில் பங்குண்டு.

'மாஊன்' என்பது யாது? கி.பி. 923இல் மறைந்த தபரி இரு மரபுகளைத் தொகுத்துள்ளார். ஸகாத் என்னும் கடமையான தருமம் என்பது அலீயின் பெயரால் வழங்குவது. அயலார் இரவல் கொடுக்கும் கோடரி, பானை, வாளி என்பது நபித்தோழர் இப்னு மஸ்ஊதின் பெயரால் வழங்குவது. அடுத்த தலைமுறையினரான இக்ரிமா, அதன் தலை ஸகாத், அதன் கடைசி சல்லடையும் வாளியும் ஊசியும் என இரண்டையும் இணைத்தார். வழிபாட்டின் மெய்ம்மையை அண்டைவீட்டு வாளியால் அளக்கும் துணிவு இது.

இவ்வளவுகோலை நாம் நம் சொந்த வரலாற்றின்மேல் வைத்ததுண்டோ? கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைக்கு அதிகத் தொலைவில்லாத பழவேற்காட்டில் ஒல்லாந்தர் 1613இல் கெல்திரியா கோட்டையைக் கட்டினர். 1632 முதல் 1642 வரை அங்கே சீர்திருத்தத் திருச்சபையின் குருவாயிருந்த ஆபிரகாம் ரோஜேரியுஸ், பத்மநாபன் என்னும் பிராமணரிடம் கேட்டறிந்து எழுதிய நூல் 1651இல் லெய்டனில் வெளிவந்தது. சமய ஆராய்ச்சியில் அதற்கு உயர்ந்த இடமுண்டு. அதே நூற்றாண்டில் அதே துறையிலிருந்து, பஞ்சத்தில் விற்கப்பட்ட பிள்ளைகள் உட்பட ஆயிரக்கணக்கானோர் அடிமைகளாகப் பத்தாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். குருவுக்கு ஊதியம் கொடுத்ததும் கப்பலை அனுப்பியதும் ஒரே கும்பினி.

அக்கப்பல்கள் சேர்ந்த ஜாவாவில், ஒல்லாந்தர் ஆட்சியிலேயே, அகமது தக்லான் 1912இல் முகம்மதியா இயக்கத்தைத் தொடங்கினார். இவ்வத்தியாயத்தையே அவர் திரும்பத் திரும்பப் பாடம் நடத்தினார் என்றும், மனப்பாடமாகிவிட்டதே என்று முறையிட்ட மாணாக்கரை ஏழைகளையும் அநாதைகளையும் தேடித் தெருவுக்கு அனுப்பினார் என்றும் சொல்வர். இன்று அவ்வியக்கத்தின் பள்ளிகளும் மருத்துவமனைகளும் இந்தோனேசியா எங்கும் உள்ளன. மிஷன் பள்ளிகளைப் பார்த்துக் கற்றதும் அதில் உண்டு.

பழவேற்காட்டில் ஒல்லாந்தரின் செதுக்கிய கல்லறைகள் இன்றும் காக்கப்படுகின்றன. அவற்றைக் காண மாணாக்கரை அழைத்துச் செல்லும்போது, திரும்பும் வழியில் கும்மிடிப்பூண்டியில் இறங்கி, ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்த தொழிலாளர் ஓரறையில் பலராய்த் தங்கும் தெருக்களில் நடக்கச் சொல்கிறோம். அங்கே வாளி இரவல் கேட்பவர் யார், கொடுப்பவர் யார் என்பதையே இப்பருவத்தின் கட்டுரைப் பொருளாகக் கொடுத்திருக்கிறோம்.