ரத்தம் நின்ன பிறகுதான் உஷாரா இருக்கணும்! பெண் நாய் 'ஹீட்'டுக்கு வந்தா என்ன செய்யறது?

காலையில எழுந்து ஹாலுக்கு வர்றீங்க. டைல்ஸ் மேல அங்கங்கே சின்னச் சின்ன ரத்தப் பொட்டு. செல்லத்தோட கால்ல கண்ணாடி ஏதும் குத்திடுச்சோன்னு நாலு பாதத்தையும் திருப்பித் திருப்பிப் பார்ப்பீங்க. ஒண்ணும் இருக்காது. அது பாட்டுக்குப் பின்பக்கத்தை நக்கிக்கிட்டு உட்கார்ந்திருக்கும். பதறாதீங்க, உங்க நாய் வயசுக்கு வந்திருக்கு. டாக்டர்கள் பாஷையில 'ஹீட்', நம்ம ஊர் பாஷையில 'பருவத்துக்கு வந்திருக்கு'.

என் அக்கா வீட்டு லேப்ரடாருக்கு இது நடந்தப்போ அதுக்கு 10 மாசம்தான் ஆகியிருந்தது. ஆன்லைன்ல டயாப்பர் வாங்கினாங்க, சோபாவுக்குப் பழைய பெட்ஷீட் போட்டாங்க, எல்லாம் சரியாகவே செஞ்சாங்க. 11-வது நாள் ரத்தம் கிட்டத்தட்ட நின்னுடுச்சு. 'அப்பாடா, முடிஞ்சுது'ன்னு டயாப்பரைக் கழட்டி, கீழே காம்பவுண்டுக்குள்ள ஓடி விளையாட விட்டாங்க. தண்ணி லாரி வர்றதுக்காகக் கேட் திறந்திருந்தது. 10 நிமிஷம்கூட ஆகலை. அடுத்த ரெண்டு மாசத்துல ஏழு குட்டி. அதுல ரெண்டு பிழைக்கலை. மிச்சம் அஞ்சுக்கும் வீடு தேடி அக்கா வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் வைக்காத நாளே இல்லை.

அக்கா செஞ்ச தப்பைத்தான் முக்கால்வாசிப் பேர் செய்யறோம். காரணம், நாயோட ரத்தப்போக்கை மனுஷங்களோட பீரியட்ஸ் மாதிரியே நினைச்சுக்கறோம். ரெண்டும் நேரெதிர். பெண்களுக்குக் கரு உருவாகாதபோதுதான், சுழற்சியோட முடிவுல ரத்தம் வரும். நாய்க்குக் கருமுட்டை வெளிவர்றதுக்கு முன்னாடி, கர்ப்பப்பை தயாராகுற நேரத்துல வரும். அதனால ரத்தம் குறையுதுன்னா ஹீட் முடியுதுன்னு அர்த்தம் இல்லை, அசல் ஹீட் இப்பத்தான் ஆரம்பிக்குது!

போன்ல மூணு ரிமைண்டர் போடுங்க

முதல் ரத்தப் பொட்டைப் பார்த்த நாளை 'நாள் 1'னு போன் காலண்டர்ல குறிச்சுக்கோங்க. மத்த எல்லாக் கணக்கும் இதை வெச்சுதான்.

முதல் கட்டம் சராசரியா 9 நாள். பிறப்புறுப்பு வீங்கியிருக்கும், ரத்தம் வரும், வாக்கிங் போனா பத்தடிக்கு ஒரு தடவை சிறுநீர் கழிக்கும். அது வேற ஒண்ணுமில்லை, ஏரியா முழுக்க 'நான் இருக்கேன்'னு போஸ்டர் ஒட்டுது. ஆண் நாய்கள் முதல் நாள்ல இருந்தே பின்னாடி வரும். ஆனா, இவங்க உறுமி விரட்டிடுவாங்க, இல்லன்னா கீழே உட்கார்ந்துடுவாங்க.

அடுத்த கட்டமும் சராசரியா 9 நாள். ரத்தம் வெளிர் ரோஸாகவோ வைக்கோல் நிறமாகவோ மாறும், சில நாய்க்கு சுத்தமா நின்னும் போகும். இடுப்புக்கிட்ட லேசா தடவினாலே வாலை ஒருபக்கமா ஒதுக்கிக் காட்டும். இணை சேர ரெடின்னு அர்த்தம். நேத்து வரைக்கும் உறுமி விரட்டின அதே நாய், இன்னிக்குத் தானே கேட்டைத் தாண்டி ஓடப் பார்க்கும்.

இந்த 9+9 எல்லாம் சராசரிதான். சில நாய்க்கு முதல் கட்டம் மூணே நாள்ல முடியும், சிலதுக்கு 17 நாள் வரை இழுக்கும். ரெண்டாவது கட்டம் 3 வாரம் வரை போறதும் உண்டு. அதனால, ரத்தம் நின்னாலும் நிக்காட்டியும் நாள் 1-ல இருந்து முழுசா நாலு வாரம் 'லாக்டவுன்'. இதுதான் முதல் ரிமைண்டர். வீக்கம் வடிஞ்சு, ஆண் நாய்கள் கண்டுக்காம போற வரைக்கும் கயிறில்லாம எங்கேயும் விடாதீங்க.

ரெண்டாவது ரிமைண்டர், நாலாவது வாரத்துல இருந்து பத்தாவது வாரம் வரைக்கும். ஏன்னு கீழே சொல்றேன். மூணாவது, ஆறு மாசம் கழிச்சு, அடுத்த ஹீட்டுக்கு.

முதல் ஹீட் பொதுவா 6 மாசத்துல இருந்து 12 மாசத்துக்குள்ள வரும். சின்ன இனங்களுக்கு சீக்கிரம், கிரேட் டேன் மாதிரி பெரிய இனங்களுக்கு ஒன்றரை வயசுக்கு மேலகூட ஆகலாம். பிறகு வருஷத்துக்கு ரெண்டு தடவை. தெருவுல இருந்து தத்தெடுத்த நாட்டு நாயா இருந்தா வருஷத்துக்கு ஒரு தடவை மட்டும் வர்றதும் சகஜம். 'மார்கழி மாசத்து நாய்'னு ஊர்ல திட்டுவாங்களே, தெரு நாய்களுக்குன்னு ஒரு சீசன் இருக்கறதாலதான். இன்னொண்ணு, நாய்க்கு மெனோபாஸ் கிடையாது. 10 வயசுலயும் ஹீட் வரும்.

சில நாய்க்கு ரத்தமே கண்ணுல படாது, நக்கி சுத்தம் பண்ணிடும். வெள்ளை டிஷ்யூவால லேசா ஒத்திப் பார்த்தா தெரியும். இளசுகளுக்கு ரெண்டு நாள் ரத்தம் வந்து நின்னு, சில வாரம் கழிச்சு மறுபடியும் ஆரம்பிக்கறதும் உண்டு. அப்போ நாள் 1-ஐ மறுபடி முதல்ல இருந்து எண்ணுங்க.

டயாப்பர் தரைக்குத்தான், தடுப்புக்கு இல்லை

டயாப்பர் போட்டிருந்தா கிராஸ் ஆகாதுன்னு நம்பாதீங்க. ஆண் நாய்க்கு அதை இழுத்துத் தள்ளறது ஒரு வேலையே இல்லை. அது உங்க சோபாவைக் காப்பாத்தும், அவ்வளவுதான். கடை டயாப்பர் விலை கட்டுப்படியாகலைன்னா குழந்தைகளோட காட்டன் ஜட்டியில வாலுக்கு ஓட்டை போட்டு, உள்ளே நாப்கின் வெச்சுக்கலாம். எதுவா இருந்தாலும் மூணு, நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்தணும். பாத்ரூம் போகும்போது கழட்டணும், நடுவுல கொஞ்ச நேரம் காத்தாட விடணும். சென்னை வெயில்ல நாள் முழுக்க ஈர டயாப்பரோட இருந்தா தோல் சிவந்து புண்ணாகிடும். நாப்கினைக் கடிச்சு முழுங்குற நாய்னா இந்த வழியே வேண்டாம். ஒரு அறையில பழைய துணி விரிச்சு அங்கேயே வெச்சுக்கோங்க.

தினம் வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச துணியால வெளிப்பக்கம் மட்டும் துடைச்சா போதும். கிருமிநாசினி ஊத்திக் கழுவறது, உள்பக்கம் சோப்பு போடறதெல்லாம் வேண்டாம். துணியில பட்ட ரத்தத்தை வெந்நீர்ல போட்டா கறை அப்படியே பிடிச்சுக்கும். முதல்ல பச்சைத் தண்ணிதான்.

சாப்பாடு சரியா இறங்காது. சிலது ரொம்ப ஒட்டிக்கிட்டே இருக்கும், சிலது எரிச்சல்ல கடிக்கக்கூட வரும். பாவம், அதுக்கும் என்ன நடக்குதுன்னு தெரியாதில்லையா? திட்டாம கொஞ்ச நாள் அதன் போக்குல விடுங்க. ஆனா 'வலிக்குதோ'ன்னு வீட்டுல இருக்கற பாராசிட்டமாலோ, ஐபுபுரூஃபனோ மட்டும் கொடுத்துடாதீங்க. நாய்க்கு அது விஷமாகலாம்.

வாக்கிங்கை ஆள், நாய் நடமாட்டம் இல்லாத நேரத்துக்கு மாத்துங்க. சின்னக் கயிறு, கையில ஒரு குடை. தெரு நாய்கள் நெருங்கினா குடையை படார்னு விரிச்சா விலகிடும். வீட்டிலேயே கருத்தடை பண்ணாத ஆண் நாய் இருந்தா ஒரே வீட்டுக்குள்ள கதவு சாத்தி வெச்சுக்கறது பெரும்பாடு. ஒண்ணைச் சொந்தக்காரங்க வீட்டுக்கு அனுப்பறதுதான் நல்லது. அண்ணன் தங்கை, அம்மா பையன் உறவெல்லாம் நாய்க்குத் தெரியாது. கம்பி கேட் வழியாவே இணை சேர்ந்த கதையும் உண்டு.

சில வீடுகள்ல 'தீட்டு'ன்னு சொல்லி இந்த நாள்கள்ல நாயை மொட்டை மாடியிலயோ, வாசல்லயோ கட்டிப் போடுவாங்க. தீட்டு விவாதத்துக்கு இப்போ நான் வரலை. ஆனா ஹீட்ல இருக்கற நாயை வாசல்ல கட்டறது, ஓடித் தப்பிக்கவும் வழியில்லாம ஆண் நாய்கள்கிட்ட ஒப்படைக்கிற மாதிரி. பெரியவங்க ஒத்துக்கலைன்னா பால்கனியோ, பாத்ரூமை ஒட்டின இடமோ, கதவு இருக்கற ஒரு இடமா பார்த்துக் கேட்டு வாங்குங்க.

கிராஸ் ஆகிடுச்சா?

இணை சேர்ந்த பிறகு ரெண்டு நாயும் முதுகைக் காட்டிக்கிட்டு ஒட்டி நிக்கும். 10, 20 நிமிஷம், சில நேரம் அரை மணி நேரத்துக்கு மேலயும் அப்படியே இருக்கும். அப்போ தண்ணி ஊத்தறது, அடிக்கறது, பிடிச்சு இழுக்கறது எதுவும் செய்யாதீங்க, ரெண்டுக்கும் காயமாகும். தானா விலகற வரைக்கும் உங்க நாயைப் பிடிச்சுக்கிட்டு அமைதியா நில்லுங்க.

பிறகு உடனே கால்நடை மருத்துவருக்கு போன் பண்ணுங்க. எத்தனை நாள் ஆச்சுங்கறதைப் பொறுத்து என்ன செய்யலாம்னு அவர் முடிவு பண்ணுவார். மெடிக்கல் ஷாப்ல மனுஷங்களுக்கு விக்கற கருத்தடை மாத்திரையைக் கொடுக்கறது பெரிய தப்பு. ஒரு தடவை கிராஸ் ஆனதும் 'இனிமே என்ன'ன்னு திறந்து விடவும் கூடாது. ஒரே ஈத்துல வெவ்வேற அப்பாக்களோட குட்டிகள் பிறக்கலாம். கர்ப்பம் சுமார் 63 நாள்தான். நாலு வாரத்துல ஸ்கேன் பண்ணா தெரிஞ்சிடும்.

ரெண்டாவது ரிமைண்டர் எதுக்கு?

ஹீட் முடிஞ்சு எல்லாரும் மறந்துட்ட பிறகு வர்ற ஆபத்துக்காக. பேரு பயோமெட்ரா. கர்ப்பப்பைக்குள்ள சீழ் பிடிக்கறது.

ஹீட்ல கர்ப்பப்பை வாய் திறந்திருக்கும்போது பாக்டீரியா உள்ளே போயிடும். பிறகு ரெண்டு மாசம், கர்ப்பமா இருந்தாலும் இல்லாட்டியும், புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் அதிகமா சுரந்து கர்ப்பப்பைச் சுவரைத் தடிமனாக்கும். கிருமிக்கு அதைவிட வசதியான இடம் வேற கிடையாது. ஒவ்வொரு ஹீட்டுக்குப் பிறகும் இது திரும்பத் திரும்ப நடக்கறதால வயசாக ஆக ஆபத்து கூடுது. ஸ்வீடன்ல நாய்களுக்குக் கருத்தடை பண்ற வழக்கம் குறைவு. அங்கே காப்பீடு எடுத்த நாய்களை வெச்சு 2001-ல வெளிவந்த ஆய்வுல, 10 வயசுக்குள்ள ஏறக்குறைய நாலுல ஒரு பெண் நாய்க்கு பயோமெட்ரா வந்திருந்தது.

தண்ணியை வழக்கத்தைவிட அதிகமா குடிக்குதா? சாப்பிடாம சோர்ந்து படுத்திருக்கா? வாந்தி, காய்ச்சல், நாத்தத்தோட சீழ் வடியறது இதெல்லாம் இருக்கா? அன்னிக்கே டாக்டர்கிட்ட போங்க, 'நாளைக்குப் பார்க்கலாம்' வேண்டாம். இதுல மோசமான வகை, கர்ப்பப்பை வாய் மூடிக்கிட்டது. வெளியே ஒரு சொட்டுகூட வராது, வயிறு மட்டும் உப்பும். 'வயித்துக்கு ஒத்துக்கலை போல'ன்னு தயிர்சாதம் கொடுத்து ரெண்டு நாள் பார்த்து, உயிரை விட்ட நாய்கள் நிறைய. ஹீட்டைத் தள்ளிப்போட ஹார்மோன் ஊசி போடலாமான்னு கேக்கறவங்களுக்கும் இதுதான் பதில். அந்த ஊசிகளே பயோமெட்ரா ஆபத்தைக் கூட்டும்.

இதே சமயத்துல பொய்க் கர்ப்பமும் வரலாம். மடி வீங்கும், பால்கூட வரும், பொம்மையைக் குட்டி மாதிரி கவ்விக்கிட்டு கட்டிலுக்கு அடியில போய் படுத்துக்கும். பார்க்கவே மனசு கஷ்டமா இருக்கும். மடியை அழுத்திப் பாலை எடுக்காதீங்க, எடுக்க எடுக்க இன்னும் சுரக்கும். பெரும்பாலும் ரெண்டு, மூணு வாரத்துல தானா சரியாகிடும்.

'ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே...'

இதைச் சொல்லாத பக்கத்து வீட்டு ஆன்ட்டி உண்டா? ஒரு ஈத்து போட்டாத்தான் நாய் ஆரோக்கியமா இருக்கும்ங்கறதுக்கு மருத்துவ ஆதாரம் எதுவும் இல்லை. குட்டி போட்ட நாய்க்கும் பயோமெட்ரா வரும். குட்டி வேண்டாம்னு முடிவு பண்ணிட்டா கருத்தடை ஆபரேஷன்தான் நிரந்தர வழி. பயோமெட்ரா ஆபத்து கிட்டத்தட்ட இல்லாமலே போகும். சின்ன வயசுலயே செஞ்சா மார்புக்காம்புல வர்ற கட்டிகளும் குறையும். பாதகம் இல்லாமலும் இல்லை. உடம்பு எடை கூடும், சாப்பாட்டைக் குறைக்கணும். சில பெரிய நாய்களுக்குப் பின்னாள்ல சிறுநீர் கசியலாம். பெரிய இனங்களுக்கு எலும்பு வளர்ச்சி முடியட்டும்னு டாக்டர்கள் காத்திருக்கச் சொல்றதும் உண்டு. எப்போ செய்யறதுன்னு உங்க நாயைப் பார்க்கற டாக்டர்கிட்ட பேசி முடிவு பண்ணுங்க.

தெரு நாய்களுக்குக் கருத்தடை பண்ற திட்டத்தை புளூ கிராஸ் அமைப்பு 1964-லயே ஆரம்பிச்ச ஊர் நம்ம சென்னை. வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வயசு 120-க்கு மேல. ஆபரேஷனுக்கு வழி தெரியலைன்னு சொல்ல முடியாது.

ஹீட் நடக்கும்போது அவசரம் இல்லாம ஆபரேஷன் செய்ய மாட்டாங்க. அந்தப் பகுதியில ரத்த ஓட்டம் அதிகமா இருக்கும். பொதுவா ரெண்டு, மூணு மாசம் கழிச்சு வரச் சொல்வாங்க. நீங்க குறிச்சு வெச்ச 'நாள் 1' அப்பவும் உதவும், டாக்டர் கேக்கற முதல் கேள்வியே 'கடைசி ஹீட் எப்போ?'தான்.

அக்கா வீட்டு லேப்ரடாருக்கு, குட்டிகள் பால் மறந்த பிறகு ஆபரேஷன் முடிஞ்சுது. தையலை நக்காம இருக்கக் கழுத்துல மாட்டின பிளாஸ்டிக் கோனோட பத்து நாள் வீட்டுல இருக்கற எல்லா நாற்காலி மேலயும் மோதிக்கிட்டுத் திரிஞ்சுது. அஞ்சு குட்டியில நாலு வேற வீட்டுக்குப் போயாச்சு. அஞ்சாவது பெட்டைக்குட்டி, யாரும் வாங்கிக்கலை, அக்கா வீட்டுலயே இருக்கு. போன வாரம் அதுக்கு ஆறு மாசம் முடிஞ்சுது. அக்கா டாக்டர்கிட்ட தேதி வாங்கிட்டாங்க.