பீரங்கிக்காரர் வரைந்த முகம்

ஒரு தாய். அவர் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்க்கும் குழந்தை. அச்சான படத்தின் அடியில் ஒரு பெயர்: அர்ரா மைதா.

வரைந்தவர் நிக்கோலா மார்த்தன் பெத்தி. கப்பல் பதிவேட்டில் அவர் ஓவியர் இல்லை, பீரங்கி உதவியாளர். 1800 அக்டோபரில் லே ஹாவ்ர் துறைமுகத்திலிருந்து நிக்கோலா போதேன் தலைமையில் ஆஸ்திரேலியாவை நோக்கிப் புறப்பட்ட பிரெஞ்சுப் பயணத்துக்கு அரசு நியமித்த ஓவியர்கள் மூவர் இருந்தார்கள். மூவரும் 1801-இல் மொரீஷியஸிலேயே இறங்கிவிட்டார்கள். தன் சொந்தக் குறிப்பேட்டுக்குப் படம் போடவென்று பீரங்கிப் பிரிவில் பெயர் எழுதி போதேன் கூட்டிவந்திருந்த இரண்டு இளைஞர்கள் கைக்கு வேலை வந்தது. கடலுயிர்களை ஷார்ல் லெசூயர் எடுத்துக்கொண்டார், மனிதர்களைப் பெத்தி.

1802 ஜனவரியில் கப்பல்கள் தாஸ்மேனியாவின் தெற்குக் கரையை அடைந்தன. புரூனி தீவில் மீன்பிடித்துத் திரும்பிய பெண்களை, பயணத்தில் வந்த விலங்கியலாளர் பெரோன் சந்தித்தார். அவர்களில் அர்ரா மைதா கரித்துண்டுகளை எடுத்துக் கையில் நொறுக்கி, பெரோனின் முகத்தில் பூசிவிட்டார். இதைப் பெரோனே எழுதிவைத்திருக்கிறார். வெள்ளை முகம் அந்தப் பெண்ணுக்குக் குறையாகத் தோன்றியிருக்க வேண்டும். கையில் இருந்ததைக் கொண்டு சரிசெய்தார். வந்தவர்கள் அவரைத் தாளில் பிடித்தார்கள், அவரும் வந்தவர் முகத்தில் தன் கைவேலையைக் காட்டினார். இந்தச் சந்திப்பில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்.

பிறகு சிட்னி, திமோர், மீண்டும் மொரீஷியஸ். கங்காருகளும் ஈமுக்களும் நெருக்கியடித்த கப்பலில், கடல் ஈரத்தில், தாள்கள் தப்பிப் பிழைத்தன. போதேன் பிழைக்கவில்லை, 1803 செப்டம்பரில் மொரீஷியஸில் இறந்தார். 1804 மார்ச்சில் கப்பல் லோரியான் துறைமுகம் சேர்ந்தது. அதே ஆண்டு பெத்தியும் போய்விட்டார், வயது 27. அவர் வரைந்தவை செம்புத் தகடுகளில் செதுக்கப்பட்டு, 1807-இல் படத்தொகுதியாக அச்சேறியதைப் பார்க்க அவர் இல்லை.

அதற்குள் அந்தக் கரையிலும் எல்லாம் மாறத் தொடங்கியிருந்தது. 1803-இல் பிரிட்டிஷார் தாஸ்மேனியாவில் குடியேறினார்கள். அடுத்த முப்பது ஆண்டுகளில் நோயும் துப்பாக்கியும் அங்கிருந்த பழங்குடி மக்களைக் கொன்று குவித்தன. எஞ்சியவர்கள் பிளிண்டர்ஸ் தீவுக்கு நாடுகடத்தப்பட்டார்கள். குடியேற்றத்துக்கு முன் தங்கள் மண்ணில் தங்கள் விருப்பப்படி வாழ்ந்த தாஸ்மேனியர்களின் முகங்களை, பெயரோடு காட்டும் படங்கள் மிகச் சிலவே. பெத்தியுடையவை அவற்றில் தலையானவை.

லெசூயரின் ஓவியங்களும் பெத்தியின் ஓவியங்களும் பின்னாளில் லே ஹாவ்ர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் சேர்ந்தன. 1944 செப்டம்பர் குண்டுவீச்சில் அந்தக் கட்டடம் எரிந்தது. முன்கூட்டியே வெளியே கொண்டுபோயிருந்ததால் ஓவியங்கள் தப்பின.

2016-இல் அந்தப் பயணத்தின் மூல ஓவியங்கள் கண்காட்சிக்காக ஆஸ்திரேலியா சென்றன. தாஸ்மேனியாவின் லான்செஸ்டனிலும் ஹோபார்ட்டிலும் வைக்கப்பட்டன. அந்தப் பழங்குடியினரின் வழித்தோன்றல்கள் இன்றும் அந்தத் தீவில் வாழ்கிறார்கள். அர்ரா மைதாவின் படம் எங்காவது உங்கள் கண்ணில் பட்டால், வரைந்தவர் பெயரைத் தேடும் முன் அடியில் இருக்கும் அந்தத் தாயின் பெயரை ஒருமுறை வாய்விட்டு வாசியுங்கள்.