குப்பியோ

குப்பியோ, நடு இத்தாலியின் உம்பிரியாப் பகுதியில் பெருஜியா மாவட்டத்தைச் சேர்ந்த சிறு நகரம். சுமார் 30,000 பேர் வாழும் இவ்வூர், அப்பெனைன் மலைத்தொடரைச் சேர்ந்த இன்ஜினோ மலையின் தென்மேற்குச் சரிவில், கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் அமைந்துள்ளது. இகுவைன் வெண்கலத் தகடுகள், இடைக்காலக் கட்டடங்கள், ஆண்டுதோறும் மே 15 அன்று நடக்கும் ‘செரி’ ஓட்டம் ஆகியவை இதன் சிறப்புகள்.

நில அமைப்பு

வெளிறிய சுண்ணாம்புக் கல்லால் கட்டிய வீடுகள் சரிவில் படிப்படியாக அடுக்கப்பட்டிருக்கின்றன. தெருக்களில் சில மலையின் குறுக்கே சமமாகச் செல்பவை. மற்றவை செங்குத்தாக ஏறுபவை.

நகரை ஒட்டியுள்ள பொத்தாச்சோனே பள்ளத்தாக்கு நிலவியல் வரலாற்றில் இடம்பெற்றது. பழங்கடலின் அடியில் படிந்து உருவான இளஞ்சிவப்புச் சுண்ணாம்புப் பாறை அடுக்குகளுக்கு நடுவே, ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் தடிமனில் ஒரு களிமண் படலம் ஓடுகிறது. அதன் கீழுள்ள பாறையில் நிறைந்திருக்கும் நுண்ணுயிர்ப் புதைபடிவங்களில் பெரும்பாலானவை மேலுள்ள பாறையில் காணப்படுவதில்லை. இப்படலத்தில் இரிடியம் வழக்கத்தைவிடப் பன்மடங்கு மிகுந்திருப்பதை லூயிஸ் அல்வாரெஸ், அவர் மகன் வால்ட்டர் அல்வாரெஸ், ஃபிராங்க் அசாரோ, ஹெலன் மிஷெல் ஆகியோர் கண்டறிந்தனர். சுமார் 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் விண்கல் மோதியதால் டைனோசர்கள் அழிந்தன என்ற கருத்தை அவர்கள் 1980இல் வெளியிட்டபோது, இந்தக் களிமண்ணே முதன்மைச் சான்றுகளில் ஒன்றாக நின்றது.

வரலாறு

உரோமர்களுக்கு முன் இங்கு உம்பிரிய மக்கள் வாழ்ந்தனர். அவர்களது வழிபாட்டு முறைகளைச் சொல்பவை 1444இல் கிடைத்ததாகக் கூறப்படும் ஏழு வெண்கலத் தகடுகள். கி.மு. 3 முதல் 1ஆம் நூற்றாண்டு வரையிலான காலத்தைச் சேர்ந்த இவற்றில் ஒரு பகுதி உம்பிரிய எழுத்திலும் மறுபகுதி இலத்தீன் எழுத்திலும் பொறிக்கப்பட்டுள்ளது. பறவை நிமித்தம் பார்ப்பது, பலியிடுவது, புனிதக் குன்றையும் மக்களையும் தூய்மைப்படுத்த ஊர்வலம் போவது எனச் சடங்குகளை இவை வரிசைப்படுத்துகின்றன. உம்பிரிய மொழியைப் பற்றி இன்று அறியப்படுவதில் பெரும்பகுதி இத்தகடுகள் தந்ததே.

உரோமர் காலத்தில் இகுவியம் என்று பெயர் பெற்ற நகரின் அரங்கு, மதிலுக்கு வெளியே இன்றும் நிற்கிறது. கோடையில் அங்கே நாடகங்கள் நடக்கின்றன. இடைக்காலத்தில் தன்னாட்சி நகரமாக வலுப்பெற்ற குப்பியோ, 1384இல் மோன்டெஃபெல்ட்ரோ குடும்பத்தின் ஆட்சிக்கும், 1631இல் போப்பின் ஆட்சிக்கும் உட்பட்டு, 1860இல் ஒன்றுபட்ட இத்தாலியில் இணைந்தது. இரண்டாம் உலகப் போரில், 1944 ஜூன் 22 அன்று, ஜெர்மன் படையினர் பழிவாங்கும் நோக்கில் ஊர்மக்கள் நாற்பது பேரைச் சுட்டுக் கொன்றனர். கொல்லப்பட்டவர்கள் நினைவாக எழுப்பிய மண்டபம் நகரில் உள்ளது.

கட்டடமும் கலையும்

1332இல் தொடங்கிக் கட்டப்பட்ட கோன்சொலி மாளிகை நகரின் முகமாக விளங்குகிறது. மாளிகைக்கு முன்னுள்ள பெரிய சதுக்கம் இயற்கையான சமதளம் அன்று. சரிவில் பெரும் வளைவுகளை எழுப்பி, அவற்றின்மேல் தளமிட்டு அமைத்தது. வெண்கலத் தகடுகள் இம்மாளிகை அருங்காட்சியகத்தில் வைக்கப்பட்டுள்ளன. பதினாறாம் நூற்றாண்டின் முற்பகுதியில் ஜோர்ஜோ அந்திரேயோலி, பொன்னிறமும் மாணிக்கச் சிவப்பும் மின்னும் மண்பாண்டங்களால் ஊருக்குப் புகழ் சேர்த்தார். ஃபெதெரிகோ தா மோன்டெஃபெல்ட்ரோவின் அரண்மனையில் இருந்த, பல்வகை மரத்துண்டுகளைப் பதித்து இழைத்த படிப்பறை, 1939 முதல் நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தின் உடைமையாக உள்ளது.

செரி ஓட்டம்

நகரின் காவல் புனிதர் உபால்தோ, 12ஆம் நூற்றாண்டில் இங்கே ஆயராக இருந்தவர். 1160 மே 16 அன்று மறைந்தார். அவரது உடல் இன்ஜினோ மலைமேல் உள்ள பேராலயத்தில் வைக்கப்பட்டிருக்கிறது. அவர் நினைவு நாளின் முந்தைய நாள் நடக்கும் செரி ஓட்டமே குப்பியோ மக்களின் தலையாய திருவிழா.

‘செரி’ என்பவை மூன்று மரக் கோபுரங்கள். எண்கோண வடிவிலான இரண்டு மரக்கூடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்தி, உச்சியில் புனிதர் சிலையைப் பொருத்துகின்றனர். நான்கு மீட்டருக்கு மேல் உயரமும் சுமார் 280 கிலோ எடையும் கொண்ட ஒவ்வொன்றையும் தண்டுகளில் ஏற்றித் தோளில் சுமக்கின்றனர். உபால்தோவின் கோபுரம் கொத்தர்களுடையது, புனித ஜோர்ஜோவினுடையது வணிகர், கைவினைஞர்களுடையது, புனித அந்தோனியோவினுடையது உழவர்களுடையது. சுமப்போர் முறையே மஞ்சள், நீலம், கறுப்புச் சட்டை அணிவர்.

நண்பகலில் சதுக்கத்தில் கோபுரங்களை நிமிர்த்துவதற்கு முன், அவற்றைத் தண்டுடன் பிணைக்கும் இடத்தில் குடத்து நீரை ஊற்றிக் குடத்தைக் கூட்டத்துக்குள் வீசுவார்கள். உடைந்த ஓட்டுத் துண்டுகளை நற்பேறு தரும் என்று மக்கள் பொறுக்கிக்கொள்வார்கள். மாலையில் ஓட்டம் தொடங்கும். நகரத் தெருக்களைச் சுற்றி, பிறகு மலைப்பாதையில் ஏறத்தாழ 300 மீட்டர் உயரம் ஏற வேண்டும். களைத்தவர் தோளை விலக்கும் நொடியிலேயே அடுத்தவர், ஓட்டம் நிற்காமல், தோள் கொடுக்கிறார். உபால்தோ, ஜோர்ஜோ, அந்தோனியோ என்ற வரிசை மாறாது. யாரும் யாரையும் முந்துவதில்லை. கோபுரம் சாயாமலும் விழாமலும், முன்செல்வதிலிருந்து பின்தங்காமலும் கொண்டுபோவதே பெருமை. உபால்தோவின் அணி பேராலயத்துக்குள் நுழைந்ததும், மற்றவை வருமுன் கதவைச் சாத்த முயலும். கோபுரங்கள் அங்கேயே தங்கிவிட, புனிதர் சிலைகளைப் பாட்டுடன் இரவில் ஊருக்கு இறக்கி வருகின்றனர்.

பிற மரபுகள்

மே மாதக் கடைசி ஞாயிறன்று சான்செபோல்க்ரோ நகரத்தாருடன் குறுக்குவில் போட்டி நடக்கிறது. ஊரை அச்சுறுத்திய ஓநாயைப் புனித பிரான்சிஸ் சாந்தப்படுத்தினார் என்ற கதை இவ்வூருக்குரியது. 1981 முதல் டிசம்பரில் மலைச்சரிவு முழுவதும் விளக்குகளால் மாபெரும் கிறிஸ்துமஸ் மரம் வரையப்படுகிறது.

மரபின் தொடர்ச்சி

தகடுகளின் மொழி வழக்கொழிந்தது, தன்னாட்சியும் போனது. செரி ஓட்டமோ ஊராரின் உழைப்பால் தொடர்கிறது. இங்கிருந்து அமெரிக்காவின் பென்சில்வேனியாவுக்குக் குடிபெயர்ந்தவர்கள் ஜெசப் நகரிலும் இவ்விழாவை எடுத்தனர். 1973 முதல் உம்பிரியாவின் சின்னத்தில் மூன்று கோபுரங்களே இடம்பெற்றுள்ளன. ஜூன் 2 அன்று சிறுவர்கள் தங்கள் தோளுக்கேற்ற சிறு கோபுரங்களைச் சுமந்து ஓடுகிறார்கள். தோள் மாற்றும் முறையை அடுத்த தலைமுறை கற்றுக்கொள்வது இப்படித்தான்.