பாரம் தேடும் செலவு: தொண்டைமானாற்றுத் தோணி முதல் சுமைப் பலகை வரை

யாழ்ப்பாணக் குடாநாட்டின் வடகரையில், வடமராட்சிக் கடனீரேரி கடலோடு கலக்கும் இடத்தில் அமைந்தது தொண்டைமானாறு. கலிங்கத்துப்பரணியில் பாடப்பட்டவனும் முதலாம் குலோத்துங்க சோழனின் படைத்தலைவனுமாகிய கருணாகரத் தொண்டைமான் பெயராலேயே இவ்வூர் வழங்குகின்றது என்பது மரபு. கரணவாய், வெள்ளைப்பரவைப் பகுதிகளில் விளைந்த உப்பை மரக்கலங்களில் ஏற்றிச் செல்லும் பொருட்டு அவன் இந்நீர்வழியை வெட்டுவித்தான் என்று அம்மரபு கூறும். உரும்பிராயிலுள்ள கருணாகரப் பிள்ளையார் கோயிலையும் அவன் பெயரோடு இணைத்துரைப்பர். இச்செய்தி முழுவதும் வரலாறாகுமா என்பது வேறு ஆராய்ச்சி. இங்கு மனங்கொள்ளத்தக்கது ஒன்றுண்டு. மரபு கூறும் அந்நிகழ்ச்சியில் சரக்குக் கரையிற் காத்திருந்தது. அதனை ஏற்றக் கலம் வரவேண்டியிருந்தது. அரசன் ஆணை பின்னிற்க, பாரம் தேடி அலையவேண்டிய தேவை எவருக்கும் இருக்கவில்லை. பிற்காலத்தில் இக்கரையில் வாழ்ந்த கலமுடையோரின் நிலையோ இதற்கு நேர்மாறானது. கலம் ஆயத்தமாக நிற்கும். சரக்கு எங்குண்டு என்பதே தெரியாது.

ஊர்திகளின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் கட்டுமானத்தையும் வழித்தடத்தையும் பற்றியே எழுதுகின்றனர். 'இன்ன துறையில் இன்ன சரக்குக் காத்திருக்கிறது' என்னும் செய்தியை அறிவதற்கு ஊர்திக்காரன் கொடுத்த விலையைப் பற்றி எழுதினோர் சிலரே. தனியொருவனாகத் தொழில் நடத்துபவனின் வாழ்வும் தாழ்வும் பெரும்பாலும் அவ்விலையிலேயே தங்கியிருந்தன.

வல்வெட்டித்துறை, தொண்டைமானாறு, பருத்தித்துறை ஆகிய ஊர்கள் கப்பற்றொழிலில் ஒரே கரையாகவே கருதத்தக்கவை. இக்கரையிலிருந்து புகையிலையும் பனைமரமும் வெளியே சென்றன. நெல், அரிசி, துணி, ஓடு முதலியன உள்ளே வந்தன. யாழ்ப்பாணப் புகையிலைக்குத் திருவிதாங்கூர் நீண்டகாலச் சந்தையாக விளங்கியது. சோழமண்டலக் கரையின் நாகப்பட்டினமும் காரைக்காலும் அண்மையில் இருந்தன. பர்மாவின் அரிசியும் தேக்கும் தொலைவிலிருந்து ஈர்த்தன. காற்றின் போக்கறிந்தே இப்பயணங்கள் அமைந்தன. வாடைக்காற்று வலுத்த காலத்தில் வடகரை கொந்தளிக்கும். கலங்கள் ஒதுக்கிடம் நாடும். ஆகவே ஆண்டின் எல்லா மாதங்களும் உழைக்கும் மாதங்கள் அல்ல. உழைக்கும் மாதங்களில் ஒரு கிழமை வீணே காத்திருப்பினும், அந்த இழப்பை ஈடுசெய்ய வேறு மாதம் கிடையாது.

கலமுடையோர் இரு வகையினர். தாமே சரக்கை வாங்கி ஏற்றி மறுகரையில் விற்றவர் ஒரு சாரார். பிறர் சரக்கைக் கூலிக்கு ஏற்றியவர் மற்றொரு சாரார். முதல் வகையினர் விலையின் ஏற்றத்தாழ்வுக்கு அஞ்சினர். இரண்டாம் வகையினர் அஞ்சியது வெறுங்கலத்துக்கு. புகையிலை ஏற்றிச் சென்ற தோணி அங்கே திரும்பு பாரம் கிடைக்காவிடின், நிலைப்புக்காக மணலையோ கல்லையோ அடியிலிட்டுத் திரும்பவேண்டும். கல்லுக்கு எவரும் கூலி கொடுப்பதில்லை. போகும் பயணத்தில் ஈட்டியதில் ஒரு பகுதியை வரும் பயணம் தின்றுவிடும். தண்டையலின் திறமை காற்றையும் விண்மீனையும் அறிவதோடு முடிந்துவிடவில்லை. எந்தத் துறையில் எந்த வணிகனின் கிட்டங்கியில் எப்பொழுது சரக்குச் சேரும் என்பதை அறிந்தவனே சிறந்த தண்டையலாக மதிக்கப்பட்டான்.

இச்செய்தி இலவசமாகக் கிடைத்தது என எண்ணுதல் தவறு. துறைமுகத் தரகனுக்குத் தரகுக்கூலி உண்டு. தரகன் வேண்டாமெனின் காத்திருக்கவேண்டும். காத்திருக்கும் நாட்களிலும் மாலுமிகளுக்குச் சோறு போட்டாகவேண்டும். உறவினர் வாயிலாகச் செய்தி பெற்றால் பணம் கொடுக்கத் தேவையில்லை; ஆயினும் அவ்வுறவினரின் சரக்கைக் குறைந்த கூலிக்கு ஏற்றும் கடப்பாடு வந்து சேரும். கொழும்புச் செட்டியார் தெருவின் பெருவணிகரை அண்டியிருந்தால் பாரம் ஒழுங்காகக் கிடைக்கும். ஆனால் முன்பணக் கடனும் கூடவே வரும், கூலியை நிருணயிக்கும் உரிமை கலமுடையோன் கையைவிட்டுப் போகும். இவ்வாறு ஒரே செய்திக்கு நான்கு வகை விலைகள் இருந்தன. அவற்றுள் தரகுக்கூலி ஒன்றே கணக்கேட்டில் ஏறியது. ஏனைய மூன்றும் ஏறாமையாலேயே பலர் தரகனை மட்டும் நொந்துகொண்டனர் போலும்.

அரசும் இச்செய்தியின் நடுவே நின்றதுண்டு. 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அனுமதிச் சீட்டு முறையினாலும் தனியுரிமைகளினாலும் கடல் வணிகத்தைக் கட்டுப்படுத்தினர். ஒல்லாந்தக் கும்பனியின் ஆவணங்களைத் துருவி ஆராய்ந்த பேராசிரியர் சி. அரசரத்தினம் அவர்களின் நூல்கள், அக்கட்டுப்பாடுகளுக்கிடையிலும் தமிழ் வணிகர் எவ்வாறு ஓடித் தப்பினர் என்பதைப் புலப்படுத்துகின்றன. எந்தச் சரக்கை எங்கு ஏற்றலாம் என்பதை வணிகன் தீர்மானிக்கவில்லை; சீட்டு வழங்குபவனே தீர்மானித்தான்.

அதே நூற்றாண்டில் இலண்டன் மாநகரில் வேறொரு வழி தோன்றியது. 1680களில் எட்வேட் லொயிட் என்பவர் நடத்திய கோப்பிக் கடையில் கப்பலுடையோரும் வணிகரும் கூடினர். கப்பல்களின் வரவும் போக்கும் அங்கே பேசப்பட்டன; 1734 முதல் அச்சிலும் வெளிவந்தன. 1744இல் வேர்ஜீனியா, போல்ற்றிக் என்னும் பெயர்கள் பூண்ட மற்றொரு கோப்பிக் கடை பின்னர் சரக்கையும் கலத்தையும் பொருத்தும் பெருஞ் சந்தையாக வளர்ந்தது. செய்தி ஒருவனின் நினைவில் இருப்பதை விடுத்து ஒரு கூடத்துக்கு வந்தது என்பதே இம்மாற்றத்தின் சாரம். வடமராட்சிக் கரையில் அத்தகைய கூடம் எழவில்லை. தொழில் குடும்பத்துள்ளும் உறவினுள்ளும் பங்குகளாக நின்றமையால், செய்தியும் குடும்பச் சொத்தாகவே நின்றது.

இதற்கு ஒரு புறநடை உண்டு. 1930களில் உருவான யாழ்ப்பாண மலையாளப் புகையிலைக் கூட்டுறவு விற்பனைச் சங்கம் கமக்காரரின் சரக்கை ஒன்றுதிரட்டி மலையாளக் கரையில் விற்க முனைந்தது. அது கமக்காரருக்காக ஏற்பட்ட அமைப்பு, கலமுடையோருக்காக ஏற்பட்டதன்று. சரக்குடையோர் ஒன்றுகூடினர், கலமுடையோர் கூடவில்லை. இவ்வேறுபாடு பின்னர் லொறிகளின் காலத்திலும் தொடர்ந்தது.

கப்பற்றொழிலின் கைத்திறன் குன்றியதால் அது வீழ்ந்ததன்று. 1930இல் வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் கப்பலை அமெரிக்கரான வில்லியம் அல்பேட் றொபின்சன் வாங்கினார். வல்வெட்டித்துறை மாலுமிகள் அதனைச் செலுத்திச் செல்ல, 1938 ஆகஸ்ட் 1ஆம் நாள் அது மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் குளொஸ்ரர் துறையை அடைந்தது. அத்துணைத் தகுதி வாய்ந்த கலங்களுக்கும் பாரம் அருகிவந்த காலம் அது. 1905இலேயே கொழும்பிலிருந்து காங்கேசன்துறைவரை புகையிரதப் பாதை நிறைவெய்தியிருந்தது. 1942இல் இறங்கூன் யப்பானியர் வசமானதும் பர்மா அரிசி நின்றது. 1948இன் பின்னர் கடவுச்சீட்டும் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடும் சுங்கமும் பாக்குநீரிணையை இரு நாடுகளின் எல்லையாக்கின.

கடலில் இழந்த தொழிலைத் தரையிற் தேடியோர் பலர். லொறி என்பது சக்கரம் பூண்ட தோணியே எனலாம். உரிமையாளன், ஓட்டுபவன், தரகன் என்னும் மூவரும் அங்கும் இருந்தனர். 1970க்கும் 1977க்கும் இடையில் இறக்குமதிகள் கட்டுப்படுத்தப்பட்டபோது யாழ்ப்பாணத்து மிளகாயும் வெங்காயமும் பெருவிலை பெற்றன. ஆனையிறவு கடந்து, வவுனியா வழியாக, ஏறத்தாழ 400 கிலோமீற்றர் ஓடிக் கொழும்புப் புறக்கோட்டைக்குச் சென்ற லொறிகளுக்குப் போகும் பாரத்திற் குறையிருக்கவில்லை. திரும்பு பாரமே தொல்லை. தேங்காயோ, மாவோ, சீனியோ, துணியோ கிடைக்கும்வரை புறக்கோட்டையின் குறுக்குத் தெருக்களில் சாரதி காத்துக் கிடந்தான். கூலி பேசுபவன் தரகன். அவன் வணிகனிடம் எவ்வளவு பெற்றான் என்பது சாரதிக்குத் தெரியாது. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டு இறக்குமதி வெங்காயமும் மிளகாயும் வந்ததும், போகும் பாரமும் தளர்ந்தது. நாமக்கல்லிலும் சங்ககிரியிலும் லொறித்தொழில் பெருகியபோது அங்கும் புக்கிங் ஆபீஸ் என்னும் தரகு நிலையமே செய்தியின் வாயிலாக நின்றது.

1978இல் அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில், போற்லண்ட் நகரின் யூபிற்ஸ் லொறித் தரிப்பிடத்தில், ஏற்றப்படவேண்டிய சுமைகளைத் திரையிற் காட்டும் முறை தொடங்கப்பட்டது. அதுவரை கடதாசித் துண்டுகளைப் பலகையிற் குத்திவைப்பதே வழக்கம். சுமைப் பலகை என்னும் பெயர் அவ்வழக்கத்திலிருந்து வந்ததே. 1980இல் அந்நாட்டில் சாலைப் போக்குவரத்தின் மீதான கட்டுப்பாடுகள் தளர்த்தப்பட, ஒற்றை லொறியோடு தொழில் நடத்துவோர் பெருகினர். பலகையின் தேவையும் பெருகியது. அது பின்னர் கணினிக்கும் கைத்தொலைபேசிக்கும் மாறியது. இந்தியாவில் 2015இல் பெங்களூரில் தொடங்கிய பிளாக்பக் போன்ற நிறுவனங்கள் அதே பணியைச் செய்யலாயின.

தோணிக்காரன் கேட்கவேண்டியிருந்த கேள்விகளையே பலகைக்குச் சந்தா கட்டும் லொறிக்காரனும் கேட்கவேண்டியவனாகின்றான். பலகையில் மொத்தம் எத்தனை ஆயிரம் சுமைகள் உள்ளன என்பது அவனுக்குப் பயனற்றது. தன் வழித்தடத்தில், தன் திரும்பு துறையில் எத்தனை என்பதே வேண்டுவது. அவற்றுள் முன்னரே ஏற்றப்பட்டுப் பலகையில் மட்டும் எஞ்சி நிற்பவை எத்தனை? ஒரே சுமையைப் பல தரகர் பதிந்துள்ளனரா? பதிந்த தரகன் கூலியை எத்தனை நாளில் கொடுப்பான்? இறுதிக் கேள்வியே இன்றியமையாதது. அறுபது நாள் கழித்து வரும் கூலி, இன்றைய டீசலுக்கும் ரயருக்கும் உதவாது.

செலவுத் திட்டத்தை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு லொறி மாதம் 8 முறை கொழும்பு செல்கின்றது என்றும், அவற்றுள் 3 முறை வெறுமையாகத் திரும்புகின்றது என்றும் கொள்வோம். திரும்பு பாரம் ஏற்றியிருந்தால், மேலதிக எரிபொருளும் ஏற்றுக்கூலியும் போக ஒரு பயணத்தில் 30,000 ரூபா மிஞ்சும் எனின், மாதம் 90,000 ரூபா வீணாகின்றது. சந்தா மாதம் 15,000 ரூபா ஆயின், இரு மாதத்தில் ஒரு வெறும் பயணத்தை அது நிரப்பினாலே முதல் மீளும். ஆனால் அந்த ஒரு பாரத்துக்காக இரண்டு நாள் காத்திருந்து, அடுத்த போகும் பாரத்தைத் தவறவிட்டால் கணக்குத் தலைகீழாகும். எனவே சந்தாவோடு காத்திருப்பையும், பாரம் ஏற்றுமிடம்வரை வெறுமையாக ஓடும் தூரத்தையும் ஒரே ஏட்டில் எழுதவேண்டும். இரு பலகைகளுக்குச் சந்தா கட்டுவோர், ஒவ்வொன்றும் தந்த பாரங்களைத் தனித்தனியே குறித்துவைக்காவிடின் எதை விடுவது என்பதை அறியார். பழைய தரகனையும் உடனே கைவிடுதல் தகாது. ஆண்டின் மெலிந்த மாதங்களில் பலகை வெறுமையாகும்போது பழகிய குரலே பாரம் தரும்.

ஈழத்து வடபுலத்தில் இக்கணக்குகள் யாவும் நெடுங்காலம் செல்லாக்கணக்குகளாயின. 1990இல் கண்டி வீதி மூடப்பட்டது. 2002இல் திறந்தபோது ஓமந்தையிலும் முகமாலையிலும் சோதனைச் சாவடிகள் நின்றன. 2006 ஆகஸ்டில் வீதி மீண்டும் மூடப்பட்டது. 2009இல் போர் முடிந்த பின்னரே படிப்படியாகத் திறந்தது. அவ்வாண்டுகளில் பெரும்பாலும் சரக்குக் கப்பலில் வந்தது. எதை ஏற்றலாம், எவர் ஏற்றலாம் என்பதை மறுபடியும் அனுமதிச் சீட்டே தீர்மானித்தது. வீதி திறந்ததும் தெற்கின் பெருநிறுவனங்கள் தம் லொறிகளில் தம் சரக்கைத் தாமே கொண்டுவந்தன. அவற்றுக்குப் பாரம் தேடும் செலவு இல்லை. ஒற்றை லொறியோடு தொழிலை மீளத் தொடங்கிய வடமராட்சிக்காரனுக்கு அது இருந்தது. புறக்கோட்டையில் அவனை அறிந்திருந்த தரகருட் பலர் அதற்குள் இல்லாமற் போயிருந்தனர்.